வரம்புக்குள் வராத கேள்வி

சென்னை,
12.6.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நாயனாவின் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். நீதான் பக்கத்தில் நின்று குடிக்க வைக்க வேண்டும். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு இந்த மேன்ஷனில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

போன தடவை ஊருக்கு வந்தபோது சொன்னேனே, எங்கள் கணிப்பொறிப் பலகை, அதற்கு உன் உதவி வேண்டும். சென்னையில் நாங்கள் இருபது பேர் இருக்கிறோம். கம்ப்யூட்டரை மோடம் என்ற பெட்டி வழியாக டெலிபோனில் இணைத்து, ஒருவர் கேள்வி எழுதிப் போட்டால் மற்றவர்கள் பதில் எழுதிப் போடுவோம். புரோகிராம் எழுதுவது பற்றி மட்டும்தான் பேச்சு. ஒரு பத்திரிகையில் இதைப் பற்றி நாலு வரி வந்துவிட்டது. அதைப் பார்த்து வெளியூரிலிருந்து நாற்பது பேர் தபாலில் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. தாளில் புரோகிராம் எழுதி அனுப்புகிறார்கள், நாங்கள் இங்கே ஓட்டிப் பார்த்துத் தப்பும் சரியும் சொல்கிறோம்.

இந்த மேன்ஷனில் தபால் பாதி காணாமல் போகிறது. அதனால் உன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வரும் கவரைப் பிரித்து, புரோகிராம் தாள்களை வாரம் ஒரு முறை எனக்கு அனுப்பு. அது உனக்குப் புரியாது, படிக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதும் கடிதத்தை மட்டும் நீ படி. புரோகிராமுக்குச் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லாதே, ஆனால் சொல்ல முடியாது என்பதை மரியாதையாக எழுது. பலகையில் இதனால்தான் சண்டை வந்து மூன்று பேர் விலகினார்கள். இப்போது விதி வைத்திருக்கிறோம். முதலில் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து, அவர் கேட்டதை அப்படியே திருப்பி எழுத வேண்டும், நாம் படித்தோம் என்று அவருக்குத் தெரியவேண்டும் அல்லவா? கடைசியில், அதை எங்கே கேட்டால் பதில் கிடைக்கும் என்று வழி காட்ட வேண்டும். கார்டு போதும், கவர் வேண்டாம்.

உன் கையெழுத்துக்காகவே யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அன்புத் தம்பி,
நாகேந்திரன்

---

அருப்புக்கோட்டை,
3.7.1993

அன்புள்ள தம்பி நாகேந்திரனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். நாயனாவுக்கு இருமல் பகலில் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, உன் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து நடக்கிறாள். மழை இல்லை. தெருக் குழாயில் மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர்.

உன் உறுப்பினர்கள் நல்ல ஆட்கள்தான் போ. பரமக்குடிக்காரர் ஒருவர், காணாமல் போன எருமையைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டு, இடது கொம்பு உடைந்தது என்று அடையாளமும் எழுதியிருக்கிறார். வீரசோழன் வாத்தியார் ஒருவருக்கு மழை எப்போது வரும் என்று தெரிய வேண்டுமாம். எனக்கும்தான் தெரிய வேண்டும். எல்லோருக்கும் உன் விதிப்படி கார்டு போட்டுவிட்டேன். எருமைக்காரருக்கு, "தங்கள் எருமை கிடைக்கப் பிரார்த்திக்கிறோம்" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். விதிமீறல் என்றால் மன்னித்துவிடு.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம், தீபலட்சுமி என்று பெயர். புருஷன் ஜெயக்குமார் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷம். மதுரையில் பி.எஸ்ஸி. படித்தவளாம், கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்திருக்கிறாள். திருச்சுழியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்களை நேர வரிசையில் காட்ட ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். தாள் இதோடு இருக்கிறது. கூடவே தமிழில் இரண்டு கேள்வி. தன் சான்றிதழ்கள் இப்போது தன் கையில் இல்லை, நகல் வாங்க யாருக்கு எழுதவேண்டும்? மதுரையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிற விடுதி எது நல்லது? அவ்வளவுதான். புலம்பல் இல்லை, காரணமும் எழுதவில்லை.

இரண்டுக்கும் எனக்கே பதில் தெரியும். என்னோடு படித்த கோகிலாம்பாள் மதுரையில் ஒரு விடுதிக்கு வார்டன். ஒரு கவரில் நாலு வரி எழுதிப் போடட்டுமா?

அக்கா,
சுபலட்சுமி

---

சென்னை,
14.7.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாம் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அம்மாவுக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தீபலட்சுமி என்பவரின் புரோகிராமை ஓட்டினேன். ஒரு தப்புகூட இல்லை! கம்ப்யூட்டரைத் தொடாமல் தாளிலேயே இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் இங்கே இருபது பேரில் ஒருவர் இல்லை. பலகையில் போட்டேன், எல்லோரும் பாராட்டினார்கள். பதில் தாள் தனியாக வைத்திருக்கிறேன்.

ஆனால் கவர் வேண்டாம் அக்கா. உனக்குப் பதில் தெரியும் என்பது சரி. இன்றைக்கு விடுதி, நாளைக்கு ஒருவர் வரன் கேட்பார், அடுத்தவர் லோன் கேட்பார். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் இருந்தால் அது நியாயமா? பலகை கெட்டுப்போகும். வழக்கமான கார்டே போடு. நீ எழுதினால் யார் மனமும் புண்படாது.

தம்பி,
நாகேந்திரன்

---

அருப்புக்கோட்டை,
5.8.1993

அன்புள்ள தம்பிக்கு,

நீ சௌக்கியம்தானே? வேளைக்குச் சாப்பிடு. இங்கே கரண்ட் இல்லாமல் தறிகள் பாதி நாள் சும்மா நிற்கின்றன. நாயனா தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ சொன்னபடி கார்டு போட்டேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. என்ன எழுதினேன் என்று நீயும் பார்த்துக்கொள்:

"அன்புள்ள உறுப்பினர் திருமதி தீபலட்சுமி ஜெயக்குமார் அவர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதத்துக்கு நன்றி. கல்லூரிச் சான்றிதழ்களுக்கு நகல் வாங்குவது எப்படி என்றும், மதுரையில் பெண்கள் தங்கும் விடுதி எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை எங்கள் பலகையின் வரம்புக்குள் வராதவை. சான்றிதழுக்குத் தாங்கள் படித்த கல்லூரியையும், விடுதிக்கு மதுரையில் உள்ள உறவினர்களையும் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். புரோகிராம்களைத் தொடர்ந்து அனுப்புங்கள். அன்புடன், பலகைக்காக, சுபலட்சுமி."

பத்தே நாளில் பதில் வந்தது. எழுதியது அவள் இல்லை, புருஷன். அச்சடித்த மாதிரி கையெழுத்து. "மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, தங்கள் அட்டையைத் தபால்காரர் கடையில் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி பாடத்துக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்டுத் தங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மிகவும் வருந்துகிறேன். விவரம் தெரியாதவள். இனி இவ்வாறு நேராமல் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். இப்படி மன்னிப்புக் கேட்ட உறுப்பினர் இதுவரை ஒருவரும் இல்லை. எருமைக்காரர் என்னைத் திட்டி அல்லவா எழுதினார்!

அவளுடைய புதிய புரோகிராம் தாளும் அதே கவரில் இருந்தது. இந்தத் தடவை தமிழில் ஒரு வரிகூட இல்லை. அதனால் எனக்கு வேலையும் இல்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். அவள் கேட்டதற்கு அவர் ஏன் பதில் எழுதுகிறார் என்று மட்டும் ஒரு யோசனை வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பொஞ்சாதிக்காகப் புருசன் மன்னிப்புக் கேக்கறதெல்லாம் எந்த ஊர்ல நடக்குது? குடுத்து வச்சவ" என்றாள்.

அக்கா,
சுபலட்சுமி

---

சென்னை,
27.8.1993

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் எழுது.

ஜெயக்குமார் அவர்களின் கடிதத்தைப் பலகையில் அப்படியே போட்டேன். உறுப்பினர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மேலே ஒரு வரி எழுதினேன். உன் கார்டையும் மாதிரியாக வைத்திருக்கிறோம்.

அந்த அம்மாளின் புரோகிராமில்தான் ஒரு சின்னக் குறை. அதே பஸ் நேர புரோகிராம்தான், ஆனால் நிறைய ரெம் வரிகள். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ரெம் என்று தொடங்கும் வரியைக் கம்ப்யூட்டர் தாண்டிப் போய்விடும். இந்த இடத்தில் என்ன செய்கிறோம் என்று, படிக்கிற மனிதருக்காக எழுதிவைக்கும் குறிப்பு அது. எங்கள் மெஷினில் நினைவகம் குறைவு. அதனால் யார் அனுப்பினாலும் ரெம் வரிகளை அடித்துவிட்டுத்தான் டைப் செய்வேன். ஒருவர் இரண்டு வரி எழுதலாம். இவர் இருபது வரி எழுதுகிறார். இவ்வளவு நீளமாக எழுத ரெம் வரி இடம் இல்லை. அதைப் பதமாகச் சொல்லி ஒரு பதில் வைத்திருக்கிறேன், அனுப்பிவிடு: "தங்கள் புரோகிராம் நன்றாக ஓடுகிறது. தேவையற்ற ரெம் வரிகளைத் தவிர்த்தால் நினைவகம் மிச்சமாகும். வாழ்த்துகள்."

தம்பி,
நாகேந்திரன்

---

அருப்புக்கோட்டை,
19.10.1993

அன்புள்ள நாகேந்திரனுக்கு,

நலமா? தீபாவளிக்கு வருவாய் என்று அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நாயனாவின் இருமல் திரும்பிவிட்டது. விருதுநகருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தோம், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள்.

ரெம் பற்றிய உன் பதிலைத் தீபலட்சுமிக்கு அப்போதே போட்டுவிட்டேன். நேற்று அவளிடமிருந்து இன்னொரு தாள் வந்தது. கவரின் மேல் விலாசம் புருஷன் கையெழுத்து. உள்ளே அவளுடையது, வழக்கம்போல ஆங்கில எழுத்தும் நம்பரும். முதல் தாளில் அவள் எழுத்து எவ்வளவு நேராக இருந்தது தெரியுமா? இதில் வரிகள் கீழே இறங்குகின்றன. டைப்ரைட்டிங் வகுப்பில் பதினோரு வருஷம் பிள்ளைகளின் வரியையே பார்க்கிற கண் இது. உடம்பு சரியில்லையோ என்னவோ.

ஒன்று கேட்க வேண்டும். ரெம் வரி மனிதர்கள் படிக்க என்று எழுதியிருந்தாயே. அவள் எழுதியதை நீ படித்தாயா?

அக்கா,
சுபலட்சுமி

---

சென்னை,
22.1.1994

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? தீபாவளிக்கும் வர முடியவில்லை, பொங்கலுக்கும் முடியவில்லை. வேலை அப்படி. சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் என்னை எடுக்கப் பேச்சு நடக்கிறது. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இப்போது சொல்லாதே, அழுவாள். நாயனாவுக்கு என் நமஸ்காரம்.

பலகையில் உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தொட்டுவிட்டது. நாங்கள்கூட எதிர்பார்க்கவில்லை.

திருச்சுழி அம்மாள், முதல் தாளுக்குப் பிறகு, அதே புரோகிராமை மூன்றாம் முறையும் அனுப்பியிருக்கிறார். ரெம் வரிகளும் குறையவில்லை. ஒருமுறை ஓட்டிப் பார்த்ததைத் திரும்பத் திரும்ப ஓட்ட நேரம் இல்லை. புதிய புரோகிராம் எழுதினால் மட்டும் அனுப்பும்படி ஒரு கார்டு போட்டுவிடு. மனம் நோகாமல் எழுது.

தம்பி,
நாகேந்திரன்

---

அருப்புக்கோட்டை,
9.3.1994

நாகேந்திரனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய்.

போன வெள்ளிக்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒருவர் வந்தார். முப்பது வயசு இருக்கும், சட்டையில் கிரீஸ் கறை. வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். ஜூலையில் நான் எழுதிய கார்டு. நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே போயிருந்தது.

"இதை எழுதினது நீங்களாம்மா?"

"ஆமா. நீங்க?"

"நான் இன்பராஜ். காரியாபட்டில சைக்கிள் கடை வச்சிருக்கேன். தீபலட்சுமி எந் தங்கச்சி. இருவது நாளாச்சு, கெணத்துல விழுந்து செத்துப் போச்சு. தண்ணி எறைக்கப் போயி வழுக்கி விழுந்துருச்சுன்னு சொல்றாக. நான் போயிப் பாத்தேன். அந்தக் கெணத்துல தண்ணியே இல்லம்மா. ஒரு வருசமாத் தண்ணி இல்ல."

அவரே மேலும் சொன்னார்.

"தங்கச்சி பெட்டியில இந்தக் கார்டு கெடந்துச்சு. பக்கத்து வீட்டுப் பேச்சின்னு ஒரு அம்மா, அவுகதான் சொன்னாக. இந்தக் கார்டு வந்த அன்னைக்குத்தான் தங்கச்சி புருசன் முதல்ல அதை உள்ள வச்சுப் பூட்டுனானாம். வீட்டை விட்டுப் போகத் திட்டம் போடுறியான்னு. அதுக்கப்புறம் தமிழ்ல ஒரு எழுத்து எழுதவிடல. அந்தாளுக்கு இங்கிலீசு வராது. ஆனா எம்பொண்டாட்டி கம்ப்யூட்டர் படிக்கிறான்னு திருச்சுழி முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிவான், அதனால உங்களுக்கு அனுப்புற தாளை மட்டும் அவனே கொண்டுபோயித் தபால்ல போட்டுருக்கான்."

"நீங்க போயிப் பாக்கலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு தடவ போனேன். வாசல்லயே சேர் போட்டு, காப்பி குடுத்து, பாடம் எழுதிக்கிட்டிருக்கு, அப்புறம் வாங்க மச்சான்னு மரியாதையா அனுப்பிட்டான். நானும் காப்பியக் குடிச்சிட்டு வந்தேன். தங்கச்சி உங்களுக்கு வேற ஏதாச்சும் எழுதுச்சாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது நினைவு வந்தது. அவளுடைய கவர் ஒன்று பிப்ரவரியில் வந்தது. புதிய புரோகிராம் மட்டும் அனுப்பும்படி நீ சொன்ன கார்டைப் போட்டிருந்ததால், அந்தக் கவரை உனக்கு அனுப்பாமல் மேஜையிலேயே வைத்திருந்தேன். அவர் முன்னாலேயே பிரித்தேன். எனக்குப் புரோகிராம் தெரியாது, ஆனால் ஆங்கில எழுத்து தெரியும். ரெம் என்று இருந்த வரிகளை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். அது ஆங்கிலம் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ். உனக்காக நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

10 ரெம் படிப்பவர் ஐயாவோ அம்மாவோ வணக்கம்
20 ரெம் நலம் என்று எழுத முடியவில்லை
30 ரெம் இது நாலாம் முறை
40 ரெம் எனக்குக் கார்டு போடாதீர்கள் அவர் படிக்கிறார்
50 ரெம் என் அண்ணனுக்கு ஒரு கார்டு போடுங்கள்
60 ரெம் இன்பராஜ் சைக்கிள் கடை காரியாபட்டி
70 ரெம் வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள் உடனே
80 ரெம் இனி அதிக நாள் விடமாட்டார்கள்
90 ரெம் இது பாடத்துக்கு வெளியே என்று தெரியும் மன்னிக்கவும்

அதற்குக் கீழே பஸ் நேரம்.

அறுபதாம் வரியைப் படிக்கும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தன் கடை விலாசத்தைத் தானே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

நாகேந்திரா, ஆகஸ்டில் வந்தது, அக்டோபரில் வந்தது, டிசம்பரில் வந்தது, அந்த மூன்று தாளும் எனக்கு வேண்டும். எந்த நாளில் என்ன எழுதினாள் என்று, அவள் சாவைப் பற்றி நடக்கும் விசாரணையில் காட்ட வேண்டும் என்கிறார் இன்பராஜ். கார்டு போட்டது நான். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். கவரில் போட எனக்குத் தோன்றியது, நீ வேண்டாம் என்றாய், நான் கேட்டுக்கொண்டேன். உனக்கு அதில் பாதிப் பங்குதான். மற்ற மூன்று தாளைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும்.

சுபலட்சுமி

---

அருப்புக்கோட்டை,
11.4.1994

நாகேந்திரனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உன் ஆபீசுக்குப் போன் போட்டேன், வெளியே போயிருப்பதாக இரண்டு முறையும் சொன்னார்கள். நாயனா உன்னை விசாரித்தார். நலமாக இருக்கிறாய் என்று பொய் சொன்னேன், பொய்யோ மெய்யோ எனக்குத் தெரியாது.

நேற்று இன்பராஜோடு விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஏதோ கம்ப்யூட்டர் பாடம் மாதிரி இருக்கும்மா. எழுத்தும் தமிழ் இல்ல. இதை மட்டும் வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. இதைப் படிக்கத் தெரிஞ்சவரு, இந்தப் பலகையை நடத்துறவரு, நேர்ல வந்து இது என்ன, இதுக்கு முன்னாடி எப்பெப்ப வந்துச்சுன்னு சொல்லட்டும். எழுதிக்கிறேன்" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மே மாதம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் தள்ளிப்போட மாட்டாராம். ஜெயக்குமார் இரண்டு வக்கீல் வைத்திருக்கிறார். கிணற்றடியில் வழுக்கியதைப் பார்த்ததாகச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சி சாட்சி சொல்லப் பயப்படுகிறாள்; தீபலட்சுமி பக்கம் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

அந்த மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு வா. ஐந்தாம் தேதி பஸ் ஏறினால் போதும்.

சுபலட்சுமி

---

சென்னை,
25.4.1994

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நாயனா, அம்மா சுகமா?

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அக்டோபரில் நீ ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். படித்தேன். ஆகஸ்டில் வந்த தாளையே முழுவதும் படித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. காரியாபட்டி விலாசம் அதிலும் இருந்தது. பூட்டி வைக்கிறார்கள் என்றும் இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. குடும்பச் சண்டை, நமக்கு எதற்கு என்று நினைத்தேன். பதில் சொல்வதென்றால் விதியை நானே மீற வேண்டும். உன்னிடம் சொன்னால் நீ உடனே கிளம்பிப் போவாய் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. பென்சிலால் வரி வரியாக அடித்துவிட்டு மீதியை டைப் செய்தேன். அடுத்த இரண்டு தாளையும் படிக்காமல் அடித்தேன். என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் படிக்கவில்லை.

தாள்கள் இப்போது என்னிடம் இல்லை. டைப் செய்ததும் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். கம்ப்யூட்டரில் இருப்பது ரெம் இல்லாத பிரதி, அதில் பஸ் நேரம் மட்டும்தான் இருக்கிறது.

ஆறாம் தேதி என்னால் வர முடியாது. வந்து சொன்னால், படித்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்று முதல் கேள்வியே என்னைத்தான் கேட்பார்கள். சிங்கப்பூர் வேலை உறுதியாகிவிட்டது. பதினைந்தாம் தேதி புறப்பட வேண்டும். இந்த நேரத்தில் போலீஸ், விசாரணை என்று என் பெயர் வந்தால் எல்லாம் போய்விடும். போனவள் போய்விட்டாள். நான் வந்தாலும் திரும்பி வரப் போவதில்லை.

ராத்திரி தூக்கமே இல்லை அக்கா. கண்ணை மூடினால் அந்த அறுபதாம் வரி வருகிறது. என்னை மன்னித்துவிட்டதாக ஒரே ஒரு வரி எழுது. அதைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

உன் தம்பி,
நாகேந்திரன்

---

(அஞ்சல் அட்டை)

அருப்புக்கோட்டை,
7.5.1994

அன்புள்ள உறுப்பினர் திரு. வே. நாகேந்திரன் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதத்துக்கு நன்றி. பெண் ஒருத்தி உயிருக்குப் பயந்து எழுதியதைப் படித்துவிட்டு, பென்சிலால் அடித்துவிட்டுச் சும்மா இருந்ததற்கும், நேற்று விசாரணைக்கு வராததற்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். தாங்கள் கேட்டிருப்பது என் வரம்புக்குள் வராதது. கீழ்க்கண்ட விலாசத்தில் கேட்டால் பதில் கிடைக்கலாம்:

இன்பராஜ், சைக்கிள் கடை, காரியாபட்டி.

அன்புடன்,
பலகைக்காக,
சுபலட்சுமி